எண்பத்திரண்டும் முப்பத்தாறும்

1

இந்தக் கதை ஓர் அவதூறிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சம்பந்தி வீட்டுப் பக்கம் ஒரு பேச்சு உலவுகிறது. எங்கள் வீட்டுக்கு வந்த மருமகள், தன் ஆய்வுக்கூடத்தில் எங்கள் குடும்பத்து ரத்தத்தைச் சோதித்துவிட்டு, "உங்க ரத்தம் எதுக்கும் லாயக்கில்லை" என்று முகத்துக்கு நேராகச் சொன்னாளாம். அதைக் கேட்ட என் தங்கை பல நாள் சாப்பிடாமல் கிடந்தாளாம். நான் மருமகளை வீட்டுப் படி ஏறக் கூடாது என்று சொன்னேனாம்.

மருமகள் அப்படிச் சொல்லவில்லை. நானும் அப்படிச் சொல்லவில்லை. என் தங்கை பிறந்த நாளிலிருந்து ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூடத் தவறவிட்டவள் இல்லை.

மறுத்து ஒரு அறிக்கை விடலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். மறுப்பை யாரும் படிப்பதில்லை. கதை என்றால் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியாவது படிக்கிறார்கள். ஆகவே இது கதை. லாரி கம்பெனி நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இதுவரை எழுதியதெல்லாம் சரக்கு ஏன் தாமதம் என்று கேட்டவர்களுக்குக் காட்டமான பதில்கள் மட்டும். அந்த வாடை அங்கங்கே அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாவிட்டாலும் நான் மாற்றப்போவதில்லை.

2

முதல் தொடக்கம்:

"நான் ஒரு சின்னஞ்சிறு உருண்டை. உங்கள் ரத்தத்தில் மிதந்தபடி—"

(அடித்துவிட்டேன். எங்கள் வீட்டில் ரத்தம் தானாகப் பேசாது. பேச வேண்டியதை நான் பேசுவேன்.)

இரண்டாம் தொடக்கம்:

"அன்று காலை வானம் இருண்டு, ஏதோ ஒரு—"

(வானத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காலையில் வெறும் வயிற்றோடு போனோம், ரத்தம் எடுத்தார்கள், வந்தோம்.)

2, மறுபடியும்

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் தந்தை தொண்ணூறு தாண்டி வாழ்ந்தார். நெஞ்சுவலி என்றால் என்னவென்று அவருக்குக் கேள்வி ஞானம்கூடக் கிடையாது. ஒரு டாக்டர் அவர் ரத்த அறிக்கையைப் பார்த்துவிட்டு, "நல்ல கொழுப்பு* அபாரமா இருக்கு, அதான் காரணம்" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னவர் அன்று மாலையே மறந்திருப்பார். எங்கள் குடும்பம் மறக்கவில்லை.

அன்றிலிருந்து ஆண்டுக்கொரு ஞாயிறு, குடும்பம் முழுவதும் ஒரே பரிசோதனை நிலையத்தில் வரிசையாக நின்று கை நீட்டும். மாலையில் எல்லோரும் என் வீட்டுக் கூடத்தில் கூடுவார்கள். நான் நின்றபடி ஒவ்வொருவரின் நல்ல கொழுப்பையும் வாசிப்பேன், கடைசியிலிருந்து முதல்வரை. முதலிடம் பிடித்தவருக்கு ஓர் உரிமை உண்டு. அடுத்த ஆண்டு அதே ஞாயிறுவரை வீட்டு வழக்குகளில் அவர் சொல்வதே முடிவு. எந்தக் கல்லூரி, எந்த வங்கி, மொட்டை மாடியில் யார் அறை கட்டுவது, எல்லாம்.

வேறு குடும்பங்களில் வயதுக்கு மரியாதை, பணத்துக்கு மரியாதை. எங்கள் குடும்பத்தில் கொழுப்புக்கு மரியாதை. ஊரார் இதை வேறு அர்த்தத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

* ரத்தத்தில் உள்ள கொழுப்பில் இரண்டு வகை சொல்வார்கள். கெட்டது குழாய்ச் சுவரில் போய்ப் படியும். நல்லது அங்கே படிந்ததை எடுத்துக் கல்லீரலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். எங்களுக்கு அப்போது தெரிந்தது இவ்வளவுதான். இந்த அறிவை வைத்துக்கொண்டு ஒரு அரசாங்கமே நடத்தினோம்.

3

இப்போது பாத்திரங்கள்.

என் தங்கை. வீட்டில் மகாராணி. பல ஆண்டுகளாக முதலிடம் அவளுக்கே. கடைசியாக வாசித்தபோது எண்பத்திரண்டு. சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறாள். அவள் சொன்னாள் என்பதற்காக என் வீட்டுக்கு நீலப் பெயின்ட் அடித்தோம். யாருக்கும் பிடிக்கவில்லை. ஆனால் எண்பத்திரண்டு சொல்லியிருக்கிறதே.

என் மாப்பிள்ளை. மகளின் கணவர், கண்ணாடிக் கடையில் விற்பனையாளர். அவருடைய நல்ல கொழுப்பு முப்பத்தாறு. கல்யாணப் பேச்சின்போது சம்பளத்தைக் கேட்பதற்கு முன்பே நான் அதைத்தான் கேட்டேன். எண் தெரிந்ததும் வேண்டாம் என்றேன். என் மகள் அவரைத்தான் கட்டுவேன் என்று நின்றுவிட்டாள். அன்று முதல் அவர் பெயரே முப்பத்தாறு. ஒவ்வோர் ஆண்டும் அந்த ஞாயிறன்று நான் முதலில் வாசிப்பது அவரைத்தான்.

என் மருமகள். மகனின் மனைவி. ஒரு ஆய்வுக்கூடத்தில் நல்ல கொழுப்பைப் பற்றியே ஆராய்கிறாள். பெண் பார்க்கப் போனபோது அதைக் கேட்டு நாங்கள் எவ்வளவு பூரித்தோம் தெரியுமா! சொந்தமாக ஒரு வக்கீல் கிடைத்ததுபோல இருந்தது.

இனி, என்ன ஆபத்து என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாசகரைக் காக்க வைப்பது எனக்குப் பிடிக்காது. லாரியையே காக்க வைத்ததில்லை.

மகாராணிக்கு விரல் மூட்டுகள் வீங்கின. காலையில் எழுந்தால் வெகுநேரம் கை மடங்காது. கத்தரியைக் கடைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, தான் மேற்பார்வை பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டாள். டாக்டர் முடக்குவாதம் என்றார். உடம்பின் காவல் படை சொந்த மூட்டுகளையே தாக்கும் நோய். மருந்து எழுதிக் கொடுத்ததோடு, "இந்த அழற்சி மூட்டோட நிக்காதும்மா, இதயத்தையும் பார்த்துக்கணும்" என்று எச்சரித்தார்.

அவள் அந்த மருந்தை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

"எண்பத்திரண்டு இருக்கறவளுக்கு இதயத்துல என்ன வரும்? அந்த டாக்டரோட நம்பர் என்னவாம்? கேட்டீங்களா அண்ணா?"

கடைக்கு மேல் மாடியில்தான் அவள் வீடு. கொஞ்ச நாளாக அவள் படியில் நடுவே நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஏதோ தெருவை வேடிக்கை பார்ப்பதுபோல் நிற்பதை நான் கவனித்திருந்தேன். அந்தத் தெருவில் வேடிக்கை பார்க்க ஒன்றும் இல்லை.

(இந்தப் பத்தியைப் படித்த தங்கை பேனாவைப் பிடுங்கி எழுதியது: "எனக்கு மூச்சு வாங்கியது என்று எழுதாததற்கு நன்றி. ஆனால் எல்லோருக்கும் புரிகிற மாதிரிதான் எழுதியிருக்கிறீர்கள். சூழ்ச்சி.")

4

கதைக்கு ஒரு வில்லன் வேண்டும். நான் இப்படித் தொடங்கினேன்:

"அழற்சி என்னும் கொடியவன், மீசையை முறுக்கியபடி ரத்தக் குழாய்க்குள்—"

மருமகள் பென்சிலால் கோடு போட்டுவிட்டாள். "அது கொடியவன் இல்ல மாமா. காயம் பட்டா ஓடி வந்து நிக்கிறதும் அதுதான். வேலை முடிஞ்சும் போகாம உக்காந்தாத்தான் தொல்லை."

புரிந்துவிட்டது. விசேஷத்துக்கு ஒத்தாசையாக வந்துவிட்டு, விசேஷம் முடிந்தும் ஊருக்குத் திரும்பாத உறவினர். எங்கள் குடும்பத்திலும் அப்படி ஒருவர்— (வேண்டாம். எழுதினால் மூன்று வீடுகளில் அடுப்பு எரியாது.)

அந்த உறவினர் வந்து உட்கார்ந்தால் நல்ல கொழுப்புக்கு என்ன ஆகிறது என்பதை மருமகள் எனக்கு என் மொழியிலேயே விளக்கினாள். நான் செய்தித்தாள் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

"மாமா, ஒரு லாரி ஷெட்டுக்குப் போய், வண்டிங்க மேல எவ்வளவு சரக்கு கிடக்குதுன்னு மட்டும் எடை போட்டுட்டு, கம்பெனி நல்லா ஓடுதுன்னு சொல்லிடலாமா?"

"எந்த மடையன் சொல்வான்? எத்தனை லோடு ஏறிச்சு, எத்தனை லோடு போய் இறங்கிச்சு, அதான் கணக்கு. சரக்கு கிடந்துச்சுன்னா வண்டி நகரலைன்னுகூட இருக்கலாம்."

"அந்த எண்பத்திரண்டு, வண்டிங்க மேல கிடக்கிற சரக்கு மட்டும்தான் மாமா."

நான் செய்தித்தாளை மடித்து வைத்தேன்.

அவள் சொன்னதை என் வார்த்தையில் தருகிறேன். நல்ல கொழுப்பு ஒவ்வொன்றும் ஒரு வண்டி. அதை ஓட்டும் முக்கியமான புரதம் ஒன்று உண்டு. அழற்சி நீண்டுகொண்டே போனால், கல்லீரல் அவசர நிலை அறிவித்ததுபோல் வேறொரு புரதத்தை ஏராளமாக உற்பத்தி செய்கிறது. அது வண்டியில் ஏறி, ஓட்டுநரை இடித்துத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்கிறது. மிச்சமிருக்கும் ஓட்டுநர்களும் அந்தக் களேபரத்தில் அடிபட்டு ஒழுங்காக ஓட்ட முடியாமல் போகிறார்கள். குழாய்ச் சுவரில் தேங்கியதை ஏற்றும் வேலை மந்தமாகிவிடுகிறது. கெட்ட கொழுப்பு மேலும் கெட்டுச் சிக்கல் மூட்டாமல் தடுக்க வண்டியில் ஒரு தீயணைப்புக் கருவியும் இருக்குமாம், ஒரு நொதி. அதுவும் குறைந்துபோகிறது. நிலைமை முற்றினால், நெருப்பை அணைக்க வேண்டிய வண்டியே அதற்கு விசிறி வீசுவதும் உண்டாம்.

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் அப்படியே இருக்கும். தார்ப்பாய் கட்டியிருக்கும். எண் பலகை பளபளக்கும்.

"எல்லாருக்கும் இப்படி ஆகும்னு இல்ல," என்றாள் மருமகள். "பல பேருக்கு அழற்சியில நம்பரே இறங்கிடும். சில பேருக்கு நம்பர் நிக்கும், வேலைதான் நின்னுடும். எண்ணைப் பார்த்து வேலையைச் சொல்ல முடியாது. அதைத்தான் நாங்க அளந்து பாக்கறோம். ஆய்வுக்கு ரத்தம் கொடுக்க ஆள் வேணும். அத்தையைக் கேக்கலாமா?"

கேட்டாள். மகாராணி சம்மதித்தாள். சம்மதித்தாள் என்பது போதாது. வெற்றி பெறப் போகிறவள்போல் நல்ல புடவை கட்டிக்கொண்டு போனாள்.

5

ஆய்வுக்கூடத்தில் குளிர்பெட்டிகள் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தன. கதவருகே கையுறைப் பெட்டி, சுவரில் அவசரக் குளியல் குழாய். மருமகள் உள்ளங்கை அளவு தட்டு ஒன்றைக் காட்டினாள். வரிசை வரிசையாகக் குட்டிக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒளிரும் கொழுப்பை உண்டு வீங்கிய செல்கள் இருந்தனவாம். அதில் ஒவ்வொருவர் ரத்தத்திலிருந்தும் பிரித்த நீரை ஊற்றியிருக்கிறார்கள். எவருடையது எவ்வளவு கொழுப்பைச் செல்லிலிருந்து வெளியே இழுத்தது என்பதை இயந்திரம் ஒளியைக் கொண்டு அளக்கும்.

முடிவை அவரவருக்குத் தனியாகத்தான் சொல்வது அவர்கள் முறை. தங்கைதான் என்னையும் உள்ளே வரச் சொன்னாள். மாப்பிள்ளையும் ரத்தம் கொடுத்திருந்தார். "என்னோடதையும் பக்கத்துல போட்டுக் காட்டுங்க, அத்தைக்கு ஒப்பிட்டுப் பாக்க வசதியா இருக்கும்," என்றார். "எனக்கு இழக்கறதுக்கு என்ன இருக்கு?"

திரையில் உயரமும் குட்டையுமாகக் கட்டைகள் எழுந்தன.

"இதுல என்னோடது எது? அதோ, உயரமா நிக்குதே, அதா?"

"அது அண்ணனோடது அத்தை." (மருமகள் மாப்பிள்ளையை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள்.) "ரொம்ப உயரம்னு இல்ல, சராசரிதான். உங்களோடது... அதுக்குப் பக்கத்துல."

தங்கை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

"அந்தக் குட்டையா?"

"ஆமா அத்தை."

"மிஷினைத் தட்டிப் பாரு."

"தட்டற மிஷின் இல்ல அத்தை இது."

"என் கடைத் தையல் மிஷின் தட்டினாத்தான் ஓடும். தட்டு."

மாப்பிள்ளை சிரித்திருக்கலாம். இத்தனை ஆண்டுகள் வாங்கிய கிண்டலுக்கு அன்று வட்டியோடு திருப்பிக் கொடுத்திருக்கலாம். நான் அவர் இடத்தில் இருந்தால் கொடுத்திருப்பேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வேணும்னா எல்லாருக்கும் மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லலாம் அத்தை," என்றார். "குட்டையா நிக்கறது எனக்குப் பழக்கம்தான். உங்களுக்குத்தான் புதுசு."

"வாயை மூடு முப்பத்தாறு."

ஆனாலும் மறுபடி எடுத்தார்கள். வேறொரு நாள், புதிய ரத்தம், புதிய தட்டு. கட்டை வளரவில்லை.

6

(இந்தப் பகுதியை எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். இது குடும்பத்துக்குள் நடந்த பேச்சு. ஆனால் அவதூறு வெளியே போயிருக்கும்போது உண்மையை மட்டும் உள்ளே பூட்டி வைப்பது கௌரவம் ஆகாது.)

இரண்டாவது முடிவையும் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, கார் நிறுத்தத்தில் தங்கை கார்க் கதவைத் திறக்காமல் நின்றாள். விரல் கைப்பிடிக்குள் நுழையவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. நான் உதவிக்குப் போகவில்லை. போயிருந்தால் என்னோடு பேசியிருக்க மாட்டாள்.

"இது வெளிய போகக்கூடாது அண்ணா. என் நம்பர் எண்பத்திரண்டு. அவ்வளவுதான் ஊருக்குத் தெரியணும்."

"சரி. மருந்து?"

"மருந்து சாப்பிட்டா வியாதின்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நம்ம வீட்ல யாருக்கு வியாதி வந்திருக்கு?"

இந்த இடத்தில் ஒரு நல்ல அண்ணன் உருகி, கையைப் பிடித்து, கண் கலங்கி— (இல்லை. நான் கலங்கவில்லை. கலங்கினால் அவளும் கலங்குவாள். பிறகு இருவரும் வீட்டுக்குப் போய் எதுவும் நடக்காததுபோல் சாப்பிடுவோம். கௌரவம் பார்க்கிறவளிடம் கௌரவத்தைத்தான் பேச வேண்டும்.)

"ஒண்ணு கேக்கறேன். நம்ம குடும்பத்துல வேலைக்கு வராம சம்பளம் வாங்கினவங்க யாராவது உண்டா?"

"இல்ல. அப்பா காய்ச்சலோடகூட ஷெட்டுக்குப் போவார்."

"உக்காந்த இடத்துல நாற்காலியைத் தேய்ச்சவங்க?"

"சுத்தி வளைக்காதீங்க."

"உன் ரத்தம் அதைத்தான் பண்ணுது. காலைல வந்து கையெழுத்து போட்டுட்டு, டீ குடிக்கப் போயிடுது. எண்பத்திரண்டு பேர் கையெழுத்து இருக்கு, வேலை பாக்க ஆளில்ல. நம்ம வீட்டு ரத்தம்! முப்பத்தாறு வீட்டு ரத்தம் தலைல துண்டைக் கட்டிக்கிட்டு மூட்டை தூக்குது. எனக்கு வெக்கமா இருக்கு."

அவள் என்னை அடிக்கப் போகிறாள் என்றே நினைத்தேன். விடுவிடுவென்று வாயிலை நோக்கி நடந்தாள். பாதித் தூரத்தில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த முறை வேடிக்கை பார்ப்பதுபோல் நடிக்கவில்லை. தோள் ஏறி இறங்கியது.

நான் பக்கத்தில் போனதும் திரும்பாமலேயே கேட்டாள்:

"அந்த டாக்டர் எத்தனை மணி வரைக்கும் இருப்பார்?"

7

சம்பந்தி வீட்டார் கவனத்துக்கு: அவமானம் எங்கே நடந்தது என்று காட்டுங்கள்.

அன்று மாலையே போனோம். டாக்டர் அதே மருந்தை மறுபடி எழுதிக் கொடுத்தார். நெஞ்சில் இறுக்கம் வருகிறது என்பதை அவள் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள். இதய மருத்துவர் அவளை நடக்கவிட்டும் படம் எடுத்தும் பார்த்தார். ஒரு குழாயில் அடைப்பு வளரத் தொடங்கியிருந்தது. "இப்பவே வந்தீங்க, மருந்துலயே பாத்துக்கலாம். எண்பத்திரண்டை நம்பி இன்னும் கொஞ்ச நாள் உக்காந்திருந்தா என்னைப் பாக்க ஆம்புலன்ஸ்ல வந்திருப்பீங்க," என்றார்.

தங்கை அவரிடம் பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் குடும்ப வரலாற்றில் இது பதிவு செய்யத்தக்கது.

மருந்து மெதுவாகத்தான் வேலை செய்தது. குமட்டல் இருந்தது, திட்டு இருந்தது, திட்டில் எனக்கும் பங்கு இருந்தது. பிறகு ஒரு காலையில் விரல்கள் தாமாக மடங்கின. கடைப் பெண் தொலைபேசியில் புகார் சொன்னாள்: "ஐயா, அம்மா கத்தரியைப் பிடுங்கிக்கிட்டாங்க. எனக்கு இனிமே வேலை இருக்குமா?"

அந்த ஆண்டு ஞாயிறு வந்தது. கூடம் நிறைந்திருந்தது. நான் எழுந்து நின்று, இனி எண்கள் வாசிக்கப்பட மாட்டாது என்று அறிவித்தேன்.

ஒரே கூச்சல். என் மகன்தான் முதலில் எழுந்தான். "அப்ப இனிமே யார் முடிவு பண்றது?"

"பேசி முடிவு பண்ணுவோம்."

"பேசியா?" என்றாள் மகள், பயந்துபோய். "நம்ம குடும்பமா?"

 மாப்பிள்ளை கையைத் தூக்கினார். பள்ளிக்கூடத்தில் தூக்குவதுபோல. "மாமா, முதல் விஷயமா வீட்டுப் பெயின்டைப் பத்திப் பேசலாமா?"

முதலில் கைதட்டியது மகாராணி.

8

இப்போது முடிவு. பல முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) மகாராணியின் கட்டை மாப்பிள்ளையுடையதைத் தாண்டி விண்ணை முட்டுகிறது. மாப்பிள்ளை தலை வணங்குகிறார். இது அவளே சொல்லச் சொல்ல நான் எழுதியது. அதிலும் "விண்ணை முட்டுகிறது" அவளுடைய சொல்.

(ஆ) மருந்து அலமாரியிலேயே இருக்க, படியில் அவள் நின்ற இடத்தில்— இலக்கியம் தெரிந்த நண்பர் ஒருவர், துயரமாக முடித்தால்தான் கதை நிற்கும் என்றார். எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. கிழித்துப் போட்டேன். ஒரு நல்ல வாக்கியத்துக்காக என் தங்கையைச் சாகடிக்க மாட்டேன்.

(இ) நடந்தது.

ஓராண்டு மருந்துக்குப் பிறகு மருமகள் மறுபடி ரத்தம் எடுத்திருந்தாள். முடிவு தயார் என்று சொல்லி அழைத்தாள். ஆய்வுக்கூடக் கட்டடத்தில் அன்று மின்தூக்கி ஓடவில்லை. மாடிப்படி. நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏற, தங்கை எனக்கு முன்னால் போய்த் திருப்பத்தில் நின்று கீழே பார்த்தாள்.

"என்ன அண்ணா, தெருவை வேடிக்கை பாக்கறீங்களா?"

நான் கையை மட்டும் ஆட்டினேன். மூச்சு இல்லை.

மேலே போய்ச் சேர்ந்தபோது அவள் ஏற்கெனவே திரைக்கு முன் உட்கார்ந்திருந்தாள். மருமகள் அவளுடைய பழைய கட்டையையும் புதிய கட்டையையும் அருகருகே நிறுத்தியிருந்தாள். மாப்பிள்ளையுடையதைக் காட்டட்டுமா என்று கேட்டதற்கு, "அவன் எதுக்கு? இது எனக்கும் எனக்கும்," என்றாள் தங்கை.

பழைய கட்டைக்குப் பக்கத்தில் புதிய கட்டை

[                    ]

இந்த இடத்தில் ஒரு வரி இருந்தது. மருமகளின் பென்சில் அதை எடுத்துவிட்டது. "அழற்சி அடங்கின சில பேருக்கு இந்த வேலை திரும்பி வருதுன்னு நாங்க பாத்திருக்கோம் மாமா. எல்லாருக்கும்னு சொல்ல முடியாது. அத்தையோட ஒரு ரத்தத்தை வெச்சு ஊருக்கெல்லாம் சட்டம் போட்டுடாதீங்க. ஏற்கெனவே ஒரு தடவ போட்டீங்க."

நியாயம்தான். ஆகவே அடைப்புக்குள் இருக்கும் இடத்தை உங்களிடம் விடுகிறேன். உங்களுக்குத் தோன்றும் உயரத்தை எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நிபந்தனை. நீங்கள் எதை எழுதினாலும் அடுத்து நடந்ததோடு அது பொருந்த வேண்டும். ஏனென்றால் அடுத்து நடந்ததை நான் என் காதால் கேட்டேன், அதை யாரும் பென்சிலால் எடுக்க முடியாது.

என் தங்கை சிரித்தாள். புன்னகை அல்ல. தலையை அண்ணாந்து, மேசையைத் தட்டி, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பக்கத்து அறைகளின் கதவுகள் திறந்தன. கையுறை போட்ட நாலைந்து பேர் தாழ்வாரத்தில் எட்டிப் பார்த்தார்கள்.

"என்னங்க சத்தம்? யாருக்கு என்ன ஆச்சு?" என்றார் ஒருவர்.

"எனக்குத்தாங்க," என்றாள் அவள், சிரிப்பை நிறுத்தாமலேயே.